சண்டிலிப்பாயில் இருபது பெட்டிகள்

வயரில்லாத சென்சர் பூட்டும் தொழிலுக்கு முதல் தேவை படிப்பல்ல, ஏணி. இரண்டாவது தேவை, ஒரே காலையில் ஆறு வீட்டில் தேத்தண்ணி குடித்தாலும் ஏழாவது வீட்டில் வேண்டாம் என்று சொல்லாத வயிறு.

கமரா பூட்டுகிறவர்கள், சோலார் ஏற்றுகிறவர்கள், கேபிள் இழுக்கிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்லப்போவது புதிதாக இராது. நாமெல்லாம் ஒரே பாடு படுகிறவர்கள். பூட்டி முடிக்கும் வரைக்கும் எங்களுக்குப் பெயர் "தம்பி". பூட்டியது பழுதாகிவிட்டால் "உவன்".

என் பெட்டி சாப்பாட்டுப் பெட்டி அளவு, சாம்பல் நிறம். உள்ளே ஒரு சின்ன சர்க்கிட்டும் பற்றரியும். தலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சோலார் தகடு. அடியில் தொங்கும் ஒரு வயரின் நுனியில், மண்ணுக்குள் குத்துகிற இரண்டு கம்பிகள். மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று மணிக்கொரு தரம், வயர் எதுவும் இழுக்காமல் அலையிலேயே சொல்லும். ஊரில் உள்ள எல்லாப் பெட்டிகளும் சொல்வதை உயரத்தில் கட்டிய ஒரு தாய்ப்பெட்டி கேட்டு இன்ரநெற்றுக்கு அனுப்பும். இவ்வளவுதான் விசயம். இதை விளங்கப்படுத்தத்தான் அந்த ஏழு தேத்தண்ணியும்.

கொக்குவிலில் உள்ள எங்கள் பட்டறையில் இரண்டே பேர். முதலாளி குகன் அண்ணை ஈயம் உருக்கி ஒட்டுவார், நான் கொண்டுபோய்ப் பூட்டுவேன். சண்டிலிப்பாயில் இருபது பெட்டி பூட்டிப் பார்க்க ஒரு திட்டம் கிடைத்தது. பத்தொன்பது தோட்டங்களில், ஒன்று கிணற்றில். மாதம் முடியக் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்து எண்ணுவார். இருபதில் குறைந்தது பதினெட்டு வேலை செய்தால் இன்னும் மூன்று ஊர் தருவார்கள். இல்லையென்றால் திட்டமும் இல்லை, எனக்குப் பட்டறையில் வேலையும் இல்லை. மறுபடியும் கொழும்புக்குப் போய், ஓர் அறையில் நாலு பேரோடு கிடந்து, கடைக் கூரைகளுக்குள் ஊர்ந்து கமரா பூட்ட வேண்டியதுதான். மனைவி வதனிக்கு அப்போது ஏழாம் மாதம். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. முதல் நாள் காலை ஏணியை மோட்டார் சைக்கிளில் கட்டும்போது வதனி வாசலில் நின்று சொன்னாள்: "பிள்ளை பிறக்கேக்கை நீங்கள் இஞ்சை நிக்கவேணும். அதை அந்தப் பெட்டியளுக்கும் சொல்லிப்போட்டு வாங்கோ."

நீலச் சேட்டுப் போட்டவர்

சின்னராசா அண்ணையின் மிளகாய்த் தோட்டத்தில் ஏழாம் இலக்கப் பெட்டியை ஓர் ஆள் உயரத் தடியில் பூட்டினேன். மூன்றாம் நாள் அதன் பற்றரி இறங்கத் தொடங்கியது. ஐந்தாம் நாள் செத்துப்போனது. சித்திரை வெயிலில் றோட்டில் தார் உருகுகிறது, என் சோலார் தகட்டுக்கு மட்டும் வெளிச்சம் போதவில்லை. தன் ஒட்டுவேலையில்தான் பிழை என்று குகன் அண்ணைக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

போய்ப் பார்த்தால் பெட்டியைக் காணோம். அது நின்ற இடத்தில் நீலச் சேட்டுப் போட்ட ஒருவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறார். தலைக்குப் பதில் சுண்ணாம்புப் புள்ளி குத்திய மண்சட்டி. சேட்டின் தெறிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் என் பெட்டி இருந்தது. நல்ல தடியொன்று சும்மா நிற்கிறதே என்று அண்ணை அதையே வெருளி ஆக்கிவிட்டார். சேட்டுப் போட்டால் தகட்டில் வெயில் படாது, வெயில் படாவிட்டால் பற்றரி செத்துவிடும், பெட்டி வேலை செய்யாது என்று நான் அரை மணித்தியாலம் விளக்கினேன். அவர் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டார். பிறகு சேட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் மனவருத்தத்தோடுதான் சொன்னார்: "வேலை செய்யேல்லை எண்டு ஆர் தம்பி சொன்னது? நீர் பூட்டின நாளிலை இருந்து ஒரு கிளி வரேல்லை."

கனடாவில் தெரிந்த சிவப்பு

தவமணி அக்கா செய்யும் வெங்காயத் தோட்டம் அவருடைய அண்ணருக்குச் சொந்தம். அண்ணர் கனடாவில். என் பெட்டி சொல்வதை உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் போனில் பார்க்கலாம் என்று நான் வாய் கொழுத்துச் சொன்னதில் அவருக்கும் அந்த வசதி கிடைத்துவிட்டது. மண் காய்ந்தால் போனில் சிவப்பு எரியும். அண்ணர் அங்கே படுக்கப் போகுமுன் பார்ப்பார். அது எங்களுக்கு விடியற்காலம். சிவப்பைக் கண்டதும் தங்கச்சிக்குப் போன் எடுப்பார்: "என்ன, தண்ணி விடேல்லையோ?"

இரண்டாம் கிழமையிலிருந்து அந்தப் பெட்டியின் கணக்கு விசித்திரமாகப் போனது. விடிய ஆறரைக்குத் திடீரென்று வெள்ளக்காடு. பத்து மணிக்கெல்லாம் வறட்சி. சண்டிலிப்பாயின் செம்மண் சல்லடையாகிவிட்டதா என்று பார்க்க ஒருநாள் விடியவே போய் வேலியோரம் நின்றேன். சரியாக ஆறரைக்கு அக்கா ஒரு செம்பு தண்ணீரோடு வந்தார். தோட்டம் முழுவதையும் தாண்டி நடந்து, பெட்டியின் அடியில் கம்பி குத்தியிருந்த இடத்தில் மட்டும் மெதுவாக, பிள்ளைக்குத் தலையில் வார்க்கிற மாதிரி வார்த்தார். பெட்டியைச் சுற்றி ஒரு முழத்துக்கு அறுகம்புல் தளதளவென்று நின்றது. அதற்குள் ஒரு தவளை குடியிருந்தது.

வெங்காயம் வாடியிருக்கும் என்று பார்த்தால், சுற்றுவட்டாரத்திலேயே அக்காவின் வெங்காயம்தான் திறம். "ஏனக்கா இப்பிடிச் செய்யிறியள்?" என்றேன். கோபமோ கூச்சமோ இல்லாமல் செம்பைக் கவிழ்த்து உதறியபடி சொன்னார்: "வெங்காயத்துக்கு மூண்டு நாளைக்கு ஒருக்கால் தண்ணி காணும் தம்பி. அண்ணைக்குத்தான் ஒவ்வொரு நாளும் வேணும்."

தேர்ச்சி அறிக்கை

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் சிவலிங்கம் மாஸ்ரருக்குப் பெட்டியில் நம்பிக்கை இல்லை. அதனால் அதற்குச் சோதனை வைத்தார். காலையும் மாலையும் கத்தரிக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் சுட்டுவிரலை விட்டு, கண்ணை மூடி, ஈரம் எவ்வளவு என்று ஓர் எண் சொல்லுவார். பிறகு போனைப் பார்ப்பார். இரண்டையும் ஒரு நாற்பது பக்கக் கொப்பியில் எழுதுவார். பெட்டி பிழைவிட்ட இடங்களில் சிவப்புப் பேனையால் வட்டம். தன் விரல் பிழைவிட்ட இடங்களில் வட்டம் இல்லை, "ஆசிரியர் விடுமுறை" என்று இருந்தது.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார். அவருடைய முகத்தைக் கண்டதும் எனக்குப் பத்தாம் வகுப்பு ஞாபகம் வந்தது. கொப்பியை என் பக்கம் திருப்பிவைத்து, பெற்றாரைக் கூப்பிட்டுக் கதைக்கும் குரலில் சொன்னார்: "பாடத்திலை பிழை சொல்ல ஏலாது தம்பி, கெட்டிக்காரப் பெட்டி. ஆனா பின்னேரங்களிலை வரவு ஒழுங்கில்லை."

பனை உச்சியில் ஓர் ஆணி

மாஸ்ரர் சொன்னது உண்மை. போய்ப் பார்த்தால் அவருடைய பெட்டி மட்டுமல்ல, ஊரிலுள்ள அத்தனை பெட்டிகளும் பின்னேரமானால் ஒவ்வொன்றாக மௌனமாகிவிடுகின்றன. இருட்டுப்பட்ட கையோடு எல்லாம் ஒன்றாகப் பேசத் தொடங்குகின்றன. அப்படியென்றால் பிழை தாய்ப்பெட்டியில்தான். தாய்ப்பெட்டியோ பனை உச்சியில். ஊரில் அதைவிட உயரமான இடம் கோயில் கோபுரம்தான், அங்கே ஏற்ற நான் கேட்கவும் இல்லை, அவர்கள் விடப்போவதும் இல்லை. பனையில் ஏற்றிக் கட்டித் தந்தவர் கள்ளிறக்கும் இராசையா அண்ணை. என் ஏணி அந்தப் பனையின் முழங்காலுக்கும் வராது.

இராசையா அண்ணை ஏறிப் பார்த்து, "எல்லாம் நான் கட்டின மாதிரியே கிடக்கு தம்பி" என்று மேலேயிருந்து சத்தம் போட்டார். நம்பாமல் அவரிடம் என் போனைக் கொடுத்து இன்னொரு தரம் ஏற்றிப் படம் எடுக்கச் சொன்னேன். படத்தில் எல்லாம் அவர் கட்டின மாதிரியேதான் இருந்தது. கூடுதலாக, என் அன்ரெனாவில் கள்ளு வடிக்கிற மண்முட்டி ஒன்று தொங்கியது. வளையாத, துருப்பிடிக்காத நல்ல கம்பி ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் நீட்டிக்கொண்டு நின்றால் யார்தான் விடுவார்கள்? பாளையிலிருந்து கள்ளு வடிய வடிய முட்டி நிரம்பும். அலைக்குத் தண்ணீர் ஆகாது, கள்ளும் ஆகாது. நிரம்ப நிரம்பச் சிக்னல் விழும். அவர் வந்து முட்டியை இறக்கினதும் ஊர் முழுக்க உயிர் பெறும்.

முட்டியை வேறு பாளைப் பக்கம் மாற்றிக் கட்ட இராசையா அண்ணை உடனே சம்மதித்தார். சம்மதிக்காதவர் குகன் அண்ணைதான். அவர் பட்டறையில் சிக்னல் கோடு சரிந்துகொண்டு போவதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எனக்குப் போன் எடுத்தார். பதினெட்டு வருசம் ஈயப் புகை பிடித்த மனுசன், அன்றுதான் முதன்முறையாகத் தன் கண்டுபிடிப்பில் பெருமைப்படுவதைக் கேட்டேன்: "அதைக் கழட்டவேண்டாமடா. இராசையா அண்ணையிட்டைச் சொல்லு, இன்னும் கால் மணித்தியாலத்திலை முட்டி நிரம்பிடும், ஏறச் சொல்லி."

இரண்டு இழப்புகள்

மூன்றாம் கிழமையில் இரண்டு பெட்டிகளை இழந்தோம். மூன்றாம் இலக்கத்தை ஓர் ஆடு முடித்தது. வயரைத் தின்றது, அன்ரெனாவின் றப்பர் உறையைத் தின்றது, மிஞ்சியதில் உடம்பைத் தேய்த்து உடைத்தது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று வீட்டுக்காரர் என்னை ஆறுதல்படுத்தினார். பதினோராம் இலக்கம் லான்ட்மாஸ்ரர் உழவு மெசினின் கலப்பைக்குள் போனது. இழப்பதற்கு எங்களுக்கு இருந்ததே இரண்டுதான். இனி மிச்சமிருக்கும் பதினெட்டில் ஒன்றுகூடப் போகக்கூடாது. அன்றிரவு வதனி கேட்டபோது எல்லாம் நல்லாய்ப் போகுது என்று பொய் சொன்னேன்.

லான்ட்மாஸ்ரர் ஓட்டியவர் உண்மையிலேயே கவலைப்பட்டார். பெட்டியின் துண்டுகளைப் பொறுக்கி ஒரு சொப்பிங் பையில் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினார். நான் ஏசுவேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். ஏசவில்லை என்றதும் அவருக்குத் துணிவு வந்தது: "மண்ணைப் பற்றி மணிக்கொருக்கால் கதைக்கிற பெட்டிதானே தம்பி, நான் நேரை வாறதைக் கண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

நான் போட்ட படம்

இருபதாம் இலக்கப் பெட்டி ஒரு பங்குக் கிணற்றில் இருந்தது. நாலு பேருக்குப் பொதுக் கிணறு. ஆளுக்கொரு நாள் இறைப்பு முறை. ஒருவருடைய முறையில் மற்றவர் தன் இறைப்பு மெசினைத் தொடக்கூடாது. தகப்பன்மார் காலத்து ஒழுங்கு. அந்தப் பெட்டி மட்டும் நிமிசத்துக்கொரு தரம் பார்த்து, தண்ணீர் மட்டம் ஏறுவதையும் இறங்குவதையும் கோடாகக் கீறும். இருபதிலும் அழகான கோடு அதுதான். அதிகாரி வர நாலு நாள் இருக்கும்போது, நான் செய்த வேலை ஊருக்கும் தெரியட்டுமே என்று வைபரில் ஊர்க் குழுவுக்கு அந்தப் படத்தைப் போட்டேன். கீழே ஒரு வரியும் எழுதினேன்: "எங்கள் பங்குக் கிணற்றின் ஒரு கிழமை. யார் யாருடைய முறையில் எப்போது, எத்தனை தரம் இறைத்தது என்று எல்லாம் இதில் தெரியும்."

விடிந்தால் பொழுதுபட்டால் பூப்படம் போடுகிற குழு. அன்று ஒரு பூவும் இல்லை. பதினொரு மணிக்கு நான் சந்தித் தேத்தண்ணிக் கடையில் இருக்க, பங்காளிகளில் ஒருவர் வந்து பக்கத்தில் குந்தினார். தன்னுடையதை அழித்துவிடட்டாம், மற்ற மூன்று பேருடையதையும் தனக்கு மட்டும் அனுப்பட்டாம். அவர் போக இரண்டாமவர் வந்தார். அதே கோரிக்கை. மூன்றாமவர், நாலாமவர். அதற்குப் பிறகுதான் நான் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். முறைக்காரர் மத்தியானம் மெசினை நிப்பாட்டிப்போட்டுச் சோற்றுக்குப் போய்ச் சற்றுக் கண்ணயரும் நேரத்தில், கோட்டில் இன்னொரு சின்னப் பள்ளம். ஒவ்வொரு நாளும். நாலு மெசினும் நாலு வேகத்தில் தண்ணீர் இழுப்பவை. ஆகவே பள்ளத்தின் சரிவைப் பார்த்தாலே யாருடைய மெசின் என்று தெரிந்துவிடும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வைபரால் கெட்டேன்.

பின்னேரம் நாலு பேரும் ஒன்றாக வந்தார்கள். முன்னுக்கு மூத்தவர் கந்தசாமி ஐயா, கையில் குறடு. பெட்டியைக் கழற்றப் போகிறார்களாம். கழற்றினால் பதினேழு. நான் கிணற்றுக் கட்டில் ஏறி இருந்துகொண்டு மன்றாடினேன். வதனியைப் பற்றிச் சொன்னேன், பிறக்கப்போகும் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன், கொழும்பு அறையைப் பற்றிச் சொன்னேன். மற்ற மூவரும் நிலத்தைப் பார்த்தார்கள். ஐயா என் தோளில் கைவைத்துச் சொன்னார்: "விளங்குது தம்பி. ஆனா ஐம்பது வருசமாய் இந்தக் கிணத்திலை ஒரு சண்டை இல்லை. ஏனெண்டால் கிணறு வாய் திறக்கேல்லை."

நாலு பேர், நாலு பக்கம்

ஒரே ஒரு நாள் தவணை கேட்டு வாங்கினேன். பட்டறைக்கு ஓடி, அந்த மாதத்துப் பள்ளங்கள் அத்தனையையும் குகன் அண்ணையோடு இருந்து பிரித்தேன். எவர், எவருடைய முறையில், எவ்வளவு நேரம். என் நோக்கம் ஒன்றுதான்: மூன்று பேர் நல்லவர், ஒருவர்தான் கள்ளன் என்று வந்தால், மூன்று பேரை என் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம். மானங்கெட்ட எண்ணம்தான், ஒத்துக்கொள்கிறேன். கணக்கு முடிந்ததும் நாங்கள் இருவரும் ஆளை ஆள் பார்த்தோம். மறுபடி கூட்டினோம். அதேதான் வந்தது.

அடுத்த நாள் காலை கிணற்றடியில் நாலு பேரும் நாலு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கடதாசியை விரித்தேன். வாசித்தேன். ஒருவர் மற்றவர்களின் முறையில் மொத்தம் ஐந்தேகால் மணித்தியாலம் இறைத்திருக்கிறார். அடுத்தவர் ஐந்து. அடுத்தவர் ஐந்தேகாலுக்குச் சற்றுக் குறைய. கந்தசாமி ஐயா ஐந்தரை, ஆனால் அவருடையது மண்ணெண்ணெய் மெசின், மெதுவாக இழுப்பது. மெசின்களின் வேகத்தையும் சேர்த்துத் தண்ணீராகப் பார்த்தால் நாலு பேருக்கும் வித்தியாசம் சில வாளிகள்தான். ஐயா கடதாசியை வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டு, மேலிருந்து கீழாக இரண்டு தரம் பார்த்தார். பிறகு குறட்டை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மற்ற மூவரும் பின்னால் போனார்கள். பாதி வழியில் ஒருவர் சிரிக்கத் தொடங்கியது கேட்டது.

அதிகாரி அம்மா வந்து எண்ணினார். பதினெட்டு. மூன்று ஊரும் கிடைத்தது, வதனிக்கு மகள் பிறந்த அன்று நான் ஆசுப்பத்திரி விறாந்தையில்தான் நின்றேன். அதெல்லாம் தன் ஒட்டுவேலையின் திறம் என்றுதான் குகன் அண்ணை இன்றைக்கும் சொல்கிறார். ஆனால் அன்று அதிகாரி அம்மா கொப்பியை மூடிவிட்டு, கிணற்றடியில் நின்ற கந்தசாமி ஐயாவிடம், இந்தப் பெட்டியால் உங்களுக்கு ஏதாவது நன்மை கிடைத்ததா என்று கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஐயா ஆறுதலாகச் சொன்னார்: "பெரிய நன்மை பிள்ளை. இவ்வளவு காலமும் ஆளை ஆள் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்தம். இப்ப சந்தேகமில்லை, நாலு பேரும் கள்ளர், நாலு பேரும் ஒரே அளவு."

எங்கள் பெட்டி பொய் சொல்லாது என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குள்ள ஒரே பெருமை, பூட்டிய ஒவ்வொரு வீட்டிலும் நான் பட்ட பாடெல்லாம் அதனால்தான்.